தீக்காக்கை

தீக்காக்கை, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் அடர்காடுகளில் வாழும் பறவை. தென்னிந்தியாவில் காணப்படும் ஒரே ட்ரோகன் குடும்பப் பறவை இதுவே. அறிவியல் பெயர் ஹார்பாக்டெஸ் ஃபேசியேட்டஸ். நீளம் ஏறத்தாழ 31 செ.மீ.

இப்பறவை அறிவியல் உலகுக்கு அறிமுகமானது ஓர் ஓவியத்தின் வழியாக. 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியன் லோட்டன், அத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவர் என்ற ஓவியரைக்கொண்டு வரையச் செய்தார். அப்படங்களைப் பின்னர் தம்மோடு லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அங்கே அவற்றைக் கண்ட தாமஸ் பென்னன்ட், 1769இல் வெளியிட்ட ‘இந்தியன் சுவாலஜி’ நூலில் தீக்காக்கையை விவரித்துப் பெயரிட்டார். பெயரிட்டவரின் புகழில் வரைந்தவரின் பெயர் மங்கிப்போனது வருந்தத்தக்கது. இப்பறவையின் வரலாறு டி பெவரின் தூரிகையிலிருந்தே தொடங்குகிறது. மலபாரில் வாழும் தீக்காக்கையை ஜான் கூல்டு 1834இல் தனி இனமாக விவரித்தார்; அது இன்று துணையினமாகக் கருதப்படுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவையை வால்டர் கோல்ஸ் 1939இல் மூன்றாம் துணையினமாகச் சேர்த்தார்.

ஆணுக்குத் தலையும் மார்பும் கருமை, அதன் கீழே வெள்ளை வளையம், வயிறு கருஞ்சிவப்பு. கண்ணைச் சுற்றிய வெறுந்தோலும் அலகும் நீலம். பெண்ணுக்குக் கரிய தலையோ வெள்ளை வளையமோ இல்லை. வயிறு காவி கலந்த மஞ்சள். இத்தனை நிறமிருந்தும் காட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆளரவம் கேட்டதும் பழுப்பு முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டு கிளையில் அசையாமல் உட்கார்ந்துவிடும். சிவப்பு வயிற்றை மறைப்பதற்கே இந்த ஏற்பாடு. உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் பின்னோக்கித் திருப்பிப் பார்க்க வல்லது.

கால் அமைப்பு தனித்தன்மை கொண்டது. மரங்கொத்திக்கு முதல், நான்காம் விரல்கள் பின்னோக்கியிருக்கும். ட்ரோகன்களுக்கோ முதலிரு விரல்கள். வேறெந்தப் பறவைக் குடும்பத்திலும் இவ்வமைப்பு இல்லை. வலுவற்ற இக்கால்களால் நடக்க இயலாது. தோலும் மிக மெல்லியது; இறகுகள் எளிதில் உதிரும்.

கிளையிலிருந்து பாய்ந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும். இலையிலிருக்கும் பூச்சிகளையும் கொத்தும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் சிலம்பன்களும் கரிச்சான்களும் முன்செல்லும் கலப்புக் கூட்டங்களோடு சேர்ந்து இரை தேடுவது நன்கு அறியப்பட்டது.

இந்தியாவில் பிப்ரவரி முதல் மே வரை கூடு வைக்கும். உளுத்துப்போன அடிமரத்தை அலகால் குடைந்து பொந்தாக்க ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். பெரும்பாலும் இரு முட்டைகள். இரவில் பெட்டையும் பகலில் சில மணி நேரம் ஆணும் அடைகாக்கும். பறக்கத் தொடங்கிய பின்னும் குஞ்சுகளுக்குப் பல மாதங்கள் பெற்றோரே இரையூட்டும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கப் பட்டியலில் இது அழிவு அபாயம் குறைந்த இனம். ஆயினும் பட்ட மரங்களை வெட்டி அகற்றிய காட்டில் இதற்குக் கூடு வைக்க இடமில்லை.