மலையின் விலை – 7: பிடுங்கிய கல்

சென்ற இதழில்: பூகன்வில் தீவின் பாங்குனா மலைக்கு 1964-ல் செம்பு தேடி வந்தது ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம். 1967-ல் அதற்கும் அரசுக்கும் ஒப்பந்தம் முடிந்தது. மலைக்காரர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

1969 ஆகஸ்ட். ரொரொவானா கடற்கரை.

சர்வேயர்கள் கான்கிரீட் கல் ஒன்றை நட்டார்கள். பக்கத்திலேயே கலவரத் தடுப்புப் போலீஸ். மலையில் வெட்டும் தாது கப்பலேற வேண்டும். சுரங்கத்துக்கு மின்சாரமும் வேண்டும். துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் இந்த ஊர் நிலம்தான் குறி.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். கல்லைப் பிடுங்கினாள்.

ஏன் பெண்? பூகன்வில்லின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழிச் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் அதற்காகப் பேசலாம். ஆனால் அது அவன் பெயரில் இல்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளோ ஆண்களைத்தான் தேடினார்கள்.

சில நாளில் புல்டோசர் வந்தது. பெண்கள் முன்னணியில் நின்று மறித்தார்கள். போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள், தடி பாய்ந்தது. மறுநாள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் அந்தப் படங்கள்!

தீவு அப்போது ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்தது. நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம் என்பது சட்டம். 1966-ல் தீவுக்கு வந்த அமைச்சர் பார்ன்ஸ், இந்த வருமானம் நாடு முழுமைக்கும் உரியது, உங்களுக்கென்று தனிப்பங்கு கிடையாது என்கிற பாணியில்தான் பேசிவிட்டுப் போனார். பூகன்வில் உறுப்பினர் பால் லாபுன் விடவில்லை. சட்டசபையில் போராடி, உரிமைத்தொகையில் 5 சதவீதத்தை நிலக்காரர்களுக்கு வாங்கித் தந்தார்.

பெரிய வெற்றிதான். கணக்கைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். உரிமைத்தொகையே ஏற்றுமதி மதிப்பில் 1.25 சதவீதம். அதில் 5 சதவீதம். நூறு ரூபாய்த் தாது கப்பலேறினால் நிலக்காரர்களுக்கு ஆறேகால் காசு.

கண்ணீர்ப்புகைப் படங்களுக்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. நேராக ஊராரோடு உட்கார்ந்து குத்தகை, இழப்பீடு, பங்குகள் என்று பேசி முடித்தது. நிறுவனத்துக்குத் துறைமுகம், அரசுக்கு அமைதி, ஊருக்குப் பணம். மூன்று தரப்பும் மூச்சு விட்டன. ஆனால் எவ்வளவு என்றுதான் பேசினார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டா? அது பேச்சிலேயே வரவில்லை.

1972-ல் உற்பத்தி தொடங்கியது. 1975-ல் பூகன்வில்லையும் சேர்த்துப் பப்புவா நியூ கினி சுதந்திரம் பெற்றபோது, புதிய அரசின் கஜானாவுக்குப் பாங்குனாதான் பெரிய தூண். சுரங்கக் கழிவு ஜாபா ஆற்றில் இறங்கியது. ஆறு சாம்பல் நிறமானது. மீன் பிடித்த இடம் சேற்றுத் திடலானது. ஆறேகால் காசுக் கணக்கில் ஆற்றுக்கு இடமில்லை.

1987-ல் நிலக்காரர்களின் இளைய தலைமுறை, பழைய சங்கத்தை ஓரங்கட்டிப் புதுச் சங்கம் கண்டது. தலைமையில் மறுபடி ஒரு பெண்: பெர்பெச்சுவா செரெரோ. செயலாளர் அவருடைய உறவுக்காரர் பிரான்சிஸ் ஓனா. சங்கம் கேட்ட இழப்பீடு 1,000 கோடி கினா. கேட்டவர்கள் அதிர்ந்தார்கள், சிலர் சிரித்தார்கள்.

1988 நவம்பர். சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் தங்கள் முடிவை ஊராரிடம் வாசித்தார்கள். மக்கள் சொன்ன பல பாதிப்புகளுக்குச் சுரங்கம் காரணமல்ல என்றது அறிக்கை. ஓனா எழுந்தார். கூட்டத்தைவிட்டு வெளியேறினார்.

யார் இந்த ஓனா? அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என்ன வேலை? சர்வேயர்!

கல் நடத் தெரிந்த கை. எந்தக் கல் எங்கே, எந்தப் பாதை எங்கே போகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்று ஒரு பெண் கல்லைப் பிடுங்கிய கரையிலிருந்துதான் பாங்குனாவுக்கு மின்சாரம் ஏறியது. மலைச்சரிவெங்கும் வரிசையாக மின்கோபுரங்கள். காவல் இல்லாமல்.

சில நாள் கழித்து, சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கில் சரக்கு குறைந்திருந்தது.

(தொடரும்)