தரப்படுத்தல்: கோடு எங்கே விழுகிறது?

நாகலாபுரத்தில் ஒரு டீக்கடை. நீட் தேர்வு முடிவு வந்த நாள். செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 'நாப்பதுன்னா எழுநூத்தி இருவதுக்கு எரநூத்தி எம்பத்தெட்டுல்ல எடுக்கணும்? நீ எப்படிடா பாஸு?' என்றான் ஒருவன். பாஸானவனுக்கே அது விளங்கவில்லை.

இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான அந்த 40 மதிப்பெண்ணே அல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரை முந்திய இடம். அந்த இடத்தின் மதிப்பெண் 2023இல் 107, 2024இல் 127. ஆக இந்த எண் ஒருவனுடைய அறிவை மட்டும் சொல்வதில்லை. எந்தக் கூட்டத்தில் நிறுத்தி அவனை அளந்தார்கள் என்பதையும் சொல்கிறது. கூட்டத்தைப் பிரிப்பது யார்? இந்தக் கேள்விக்கு ரத்தம் தோய்ந்த வரலாறு ஒன்று இலங்கையில் இருக்கிறது.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அடுத்த பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்திற்கு 400க்குச் சிங்களமொழி மாணவருக்கு 229, தமிழ்மொழி மாணவருக்கு 250 என்று வெட்டுப்புள்ளி விழுந்தது. பொறியியலுக்கு 227, 250. இது பச்சையான பாகுபாடு; யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் மாணவர் பேரவை 1970இல் உருவானது இந்தக் கொதிப்பில்தான்.

1973இல் வந்தது வேறு வகை. இரு மொழிகளில் திருத்துகிறவர்களின் கை ஒரேமாதிரி இருக்காது என்று காரணம் சொல்லி, ஒவ்வொரு மொழியில் எழுதியவர்களின் மதிப்பெண்ணையும் தனித்தனியே எடுத்து ஒரே அளவுகோலுக்கு மாற்றினார்கள். விளைவு, எந்த மொழியில் எத்தனை பேர் எழுதினார்களோ ஏறக்குறைய அந்த விகிதத்தில் இடங்கள். அதிகாரம் இப்போது சட்டையை மாற்றிக்கொண்டு புள்ளியியலாக வந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. மொழியின் மீது கோடு போட்டதில்தான் அரசியல். கொழும்பின் வசதியான சிங்களப் பள்ளி மாணவன் அந்தக் கோட்டால் லாபமடைந்தான். பள்ளியே சரியாக இல்லாத மன்னார்ப் பையன் யாழ்ப்பாணத்துக்காரனோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டான்.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. நம்முடைய தமிழ்த்தேசியக் கதையாடல் மௌனம் காக்கிற இடம் இது. நல்ல பள்ளிகள் குவிந்திருந்த யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு, தமிழ் பேசுவோர் வாழும் வன்னியும் கிழக்கும் உட்பட, ஒரு கதவு திறந்தது. இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டோம். யாழ்ப்பாணத்து மையத்தின் இழப்பு தமிழர் இழப்பாகப் பேசப்பட்டது. விளிம்பிலிருந்த தமிழன் பெற்றது பேசப்படவில்லை. இதைச் சொன்னால் பேரினவாதத்துக்குத் துணைபோவதாகச் சில நண்பர்கள் கோபிக்கலாம். 229க்கும் 250க்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. எது அநீதி, எது பங்கீடு என்று பிரித்துப் பார்க்காவிட்டால், இங்கே நம் வாதத்துக்குக் கால் இருக்காது.

ஏனென்றால் இங்கேயும் நாம் கோடு போடுகிறோம். 1984இல் வந்த நுழைவுத்தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணைச் சமன்செய்ய ஒரு வழி சொன்னது. மாநில வாரியத்தில் இயற்பியல் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால் இரண்டும் 100. அங்கே 60 எடுத்தவனுக்கு 66.66. 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடோ அரசுப் பள்ளி மாணவனை அவனைப் போன்றவர்களோடு நிறுத்துகிறது. கோச்சிங் சென்டருக்கு லட்சக்கணக்கில் கட்டியவனோடு கரிசக்காட்டுப் பிள்ளையை ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் சமத்துவம் என்பவர்களுக்கு இது குறுக்குவழியாகத் தெரிகிறது.

அளவுகோல்கள் தாமாக நடுநிலையானவை அல்ல. தாமாகக் கொடியவையும் அல்ல. மொழியைப் பார்த்துப் போட்ட கோடு ஒரு இனத்தை வெளியே தள்ளியது. பள்ளியைப் பார்த்துப் போட்ட கோடு, வெளியே நின்றவனை உள்ளே கூப்பிடுகிறது. 'தகுதி' என்று யாராவது குரலை உயர்த்தினால் அவரிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். எந்தக் கூட்டத்தில் நிறுத்தி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.