1934-ல் வந்த பொம்மை ரயில் இன்றும் புத்தம் புதுசாகக் கிடைப்பது எப்படி? அசல் எது, நகல் எது?

மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு குட்டி ரயில் பாதை வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் இரண்டரை அடி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் பாதை மூடப்பட்டு, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. மொரப்பூர் - தர்மபுரி இடையே 36 கி.மீ. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019-ல்தான்.

அதே போர், கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் அதிநவீன ரயில் ஒன்றையும் விழுங்கியது. யூனியன் பசிபிக் நிறுவனம் 1934-ல் அறிமுகப்படுத்திய ‘எம்-10000’ என்ற அலுமினிய ரயில் அது. எட்டே ஆண்டுகளில், 1942-ல், அதை உடைத்து அலுமினியத்தைப் போர்த் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிஜ ரயில் போய்விட்டது. அதன் பொம்மை மட்டும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது!

ஸ்ட்ரீம்லைனர்னா என்ன?

காற்றின் தடையைக் குறைக்க, மூக்கில் இருந்து வால் வரை வழவழவென்று வளைத்துக் கட்டப்பட்ட ரயில்தான் ஸ்ட்ரீம்லைனர். எம்-10000 வந்த அதே 1934-ல் ‘பர்லிங்டன் ஜெஃபிர்’ என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரயிலும் வந்தது. மே 26-ம் தேதி டென்வரில் இருந்து சிகாகோ வரை, 1,600 கி.மீ.க்கு மேல், 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் காட்டியது. பொருளாதார மந்தத்தில் துவண்டு கிடந்த மக்களுக்கு அது பெரிய திருவிழா. நல்லவேளையாக, அந்த ரயில் இன்றும் சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பொம்மை கம்பெனிகள் சும்மா இருக்குமா? லயனல் நிறுவனம் எம்-10000-ஐயும், அமெரிக்கன் ஃப்ளையர் நிறுவனம் ஜெஃபிரையும் அதே ஆண்டில் பொம்மையாகக் கொண்டுவந்தன. லயனல் அப்போது கடன் சுமையில், நீதிமன்ற மேற்பார்வையில் இருந்த கம்பெனி. மிக்கி மவுஸ் தள்ளுவண்டி பொம்மைதான் அதைக் காப்பாற்றியது என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெருமையில் பாதியையாவது ஸ்ட்ரீம்லைனருக்குக் கொடுக்க வேண்டும்.

அசல் ஏன் அபூர்வம்?

1942-ல் அமெரிக்க அரசு உத்தரவால் உலோகப் பொம்மை ரயில் தயாரிப்பு நின்றது. லயனல் தொழிற்சாலை ராணுவக் கருவிகள் பக்கம் திரும்பியது. 1943-ல் விற்க வேறு எதுவும் இல்லாமல், அட்டையில் வெட்டி ஒட்டும் ரயிலை விற்றது. அதை ஒட்டி முடிக்கப் பொறுமை வேண்டும் என்பது தனிக்கதை.

தப்பிய பொம்மைகளுக்கு இன்னொரு எமன், ‘ஜிங்க் பெஸ்ட்’. அந்தக் காலத்தில் சக்கரம் போன்ற பாகங்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அதில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் தப்ப முடியாது. மறுதயாரிப்புத் தொழிலுக்கு வழி விட்டது இந்த நோய்தான் என்றுகூடச் சொல்லலாம். அசல் வைத்திருப்பவருக்கே புதுச் சக்கரம் தேவைப்படுகிறது.

யார் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1971-ல் ஜெர்ரி வில்லியம்ஸ் பழைய லயனல் ரயில்களின் நகல்களைத் தயாரிக்கத் தொடங்கினார். சிறுவயதில் அவரிடம் வேலை பார்த்த மைக் வுல்ஃப், 1980-ல் எம்.டி.எச். நிறுவனத்தைத் தொடங்கினார். 2009-ல் லயனலிடமே உரிமம் வாங்கி, லயனல் பெயரிலேயே பழைய தகர ரயில்களை விற்றார். பழைய பொம்மையை அக்கு அக்காகக் கழற்றி, அளவெடுத்து, புது அச்சு செய்ய வேண்டும். செலவே அங்கேதான். வெளியே 1930-கள், உள்ளே எலக்ட்ரானிக் சத்தம் என்றும் கிடைக்கும். ‘அதெல்லாம் வேண்டாம், பழைய மோட்டார் உறுமல்தான் வேணும்’ என்பவர்களுக்கு அதுவும் உண்டு.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. ரயில் அல்ல, கார். பிரிட்டனின் ‘டிங்கி’ பொம்மைக் கார்களின் பழைய அச்சுகளை வாங்கி, 1960-களின் கடைசியில் கொல்கத்தாவில் ‘நிக்கி டாய்ஸ்’ தயாரானது. ஃபினிஷிங் கொஞ்சம் முரடு. ஆனால் இன்றைக்கு சேகரிப்பாளர்கள் நிக்கியையே தேடிப் பிடிக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுதயாரிப்பு மோசடி அல்ல. ‘இது புதுசு’ என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் அது நேர்மையான வியாபாரம். அந்த முத்திரையைச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் துருவும் அழுக்கும் ஏற்றி, ‘தாத்தா காலத்துப் பொருள்’ என்று விற்றால்தான் மோசடி. 1954-ல் உருவான அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கம், அழியாத அடையாளம் வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

ஆன்லைனில் பார்த்து வாங்குபவர்கள் முதலில் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்க. பிளஸ் வடிவ ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. ‘1934 அசல்’ என்று சொல்லப்படும் வண்டியில் அது இருந்தால், ஒன்று நகல், இல்லையென்றால் பின்னால் ரிப்பேர் பார்த்தது. உள்ளே துணி சுற்றிய வயருக்குப் பதில் பளபள பிளாஸ்டிக் வயர் இருந்தாலும் அதே சந்தேகம்தான். சக்கரங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றியிருப்பார்கள். ஆனால் அதை விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விலையோடு வரியையும் கணக்கு போடுங்க. இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்கான அடிப்படை சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் உடனே பிளக்கில் சொருகிவிடாதீங்க. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 110-120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அசல் பொம்மைகளின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகள் கையில் கொடுக்காமல், கண்ணாடி அலமாரியில் வைப்பதே நல்லது.