நடந்து வளர்ந்த நாட்டுணர்வு

நூற்றிருபத்தைந்து பள்ளிகள்! 1938 ஏப்ரல் 21 அன்று இராசாசி அமைச்சரவை பிறப்பித்த ஆணை, அத்தனை பள்ளிகளிலேதான் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. உயர்நிலைப் பள்ளியின் வாயிலையே கண்டறியாத பட்டிதொட்டி மக்களுக்கு அதனால் என்ன நட்டம்? "என் மகன் ஏர்தானே பிடிக்கப் போகிறான்" என்று உழவன் கேட்டால் விடை கூற வேண்டுமே! கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911 முதல் தொண்டாற்றி வந்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் கண்டார். எனினும் புலவர்தம் குரல் படித்தோர் செவியைத் தாண்டியது குறைவே.

அக்குறையைக் கால்கள் தீர்த்தன. 1938 ஆகஸ்டு 1 அன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர் சென்னை நோக்கிப் புறப்பட்டனர். தமிழர் படை என்பது பெயர். ஆயுதமோ நாவும் நடையுமே. குமாரசாமிப் பிள்ளை தலைவர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி தளபதி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார்; வயது 55! தேவதாசி முறையின் கொடுமையைப் பட்டறிந்து, அதனைச் சாடி 1936இல் 'தாசிகள் மோசவலை' எனும் புதினம் தீட்டியவர் அவர். முஸ்லிம் லீகினரும் கிலாபத் தொண்டரும் துணை நின்றனர். ஆம், தமிழன் யார் என்ற வினாவுக்குச் சாதியையும் மதத்தையும் கேளாமலே விடை தந்த அணிவகுப்பு அது.

42 நாட்கள், 234 சிற்றூர்கள், 60 நகரங்கள், 87 கூட்டங்கள். வகுத்துப் பாருங்கள் தோழர்களே (ஆசிரியன் புத்தி, விடாது): நாளொன்றுக்கு 7 ஊர், இரண்டு கூட்டம்! ஐந்து இலட்சம் மக்களைப் படையின் செய்தி எட்டியதாகக் கணக்கிடப்பட்டது.

இன்று கண்டாச்சிபுரத்திலே மன்றம் காண விழையும் இளைஞர், "கட்டடம் உண்டா? நன்கொடை வருமா?" என்றே முதலில் வினவுகின்றனர். திருக்கோவிலூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எத்தனை சிற்றூர்கள்! அங்குச் சென்று பேசக் கட்டடம் எதற்கு?

செப்டம்பர் 11 அன்று படை சென்னையை அடைந்தது. கடற்கரைக் கூட்டத்தில், 'தமிழ்நாடு தமிழருக்கே' என முழங்கினார் பெரியார். இந்தி வேண்டாம் என்று புறப்பட்ட நடை, நம் நாடு எது என்ற கேள்வியிலே வந்து நின்றது.

படை வந்தது, ஆணை பறந்தது என்றெழுதினால் அது வரலாறாகாது. மறியல் தொடர்ந்தது. சிறைப்பட்ட நடராசன் 1939 சனவரியிலும், தாலமுத்து மார்ச்சிலும் மாண்டனர். அக்டோபரில் அமைச்சரவை விலகிற்று. 1940 பிப்ரவரி 21 அன்று, ஆளுநர் ஆட்சியிலே, கட்டாய இந்தி நீங்கிற்று. தமிழ்நாடு என்ற பெயர் மாநிலத்துக்குக் கிட்டிய 1969 சனவரி 14ஆம் நாளைக் காண இராமாமிர்தம் அம்மையார் இல்லை, 1962இலேயே மறைந்துவிட்டார்.