பெயர் மாறினால் வருத்தம் மாறுமா?

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்." பள்ளிக்கூடத்தில் நாங்கள் பகிடிக்குச் சொன்ன வசனம் இது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஒரே காரணத்தால் கொழும்புக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு பெயருக்கு அவ்வளவு பலம் இருக்கிறதா? இருக்கிறது. மனச்சிதைவு நோயின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனிய மருத்துவர் எமில் கிரெப்லின் இந்த நோயை 'டிமென்ஷியா ப்ரீகொக்ஸ்' என்று அழைத்தார். இளவயதிலேயே வரும் புத்தி மழுக்கம் என்று அர்த்தம். அதாவது, இனி இவர் தேறமாட்டார் என்ற தீர்ப்பு பெயருக்குள்ளேயே இருந்தது.

சுவிஸ் மருத்துவர் ஒய்கன் புளொய்லர் இதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் புத்தி மழுங்குவதில்லை, சிலர் தேறுகிறார்கள் என்று கண்ட அவர், 1908இல் 'ஸ்கிசோஃப்ரெனியா' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் 'பிளவு', 'மனம்'. சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான பிணைப்பு தளர்வதைத்தான் அவர் சொன்னார். சனங்களோ 'ஒரு ஆளுக்குள்ள ரெண்டு ஆள்' என்று விளங்கிக்கொண்டார்கள். சினிமாவும் அதையே காட்டியது. அது பிழை.

உண்மையான அறிகுறிகள் வேறு. ஆளில்லாமல் குரல் கேட்பது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது. கோர்வையில்லாத பேச்சு. இவற்றை வீட்டுக்காரர் கெதியாய்க் கவனிப்பார்கள். ஆனால் ஆசை, முகபாவம், கதைபேச்சு எல்லாம் மெல்ல மெல்லக் குறைவதும் அறிகுறிதான். அதை 'சோம்பேறி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

இரத்தப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது. ஆளோடும் குடும்பத்தோடும் கதைத்து, வேறு நோயோ போதைப்பொருளோ காரணமில்லை என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். அதிலும் தடுமாற்றம் வந்ததுண்டு. நியூயோர்க்கையும் லண்டனையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1972இல் வெளியானது. ஒரேமாதிரியான நோயாளிகளுக்கு அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் பெயரை மிகத் தாராளமாய் வைத்திருந்தது அதில் தெரிந்தது. 1980இல் வந்த அமெரிக்கக் கையேடு, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும் என்று வரையறையை இறுக்கியது.

காரணம் தேடியபோதும் பழி விழுந்தது. 1948இல் 'நோயை உண்டாக்கும் தாய்' என்றொரு கருத்து கிளம்பி, எத்தனையோ அம்மாமாரைக் குற்றவாளியாக்கியது. இன்று அது கைவிடப்பட்டுவிட்டது. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அது விதியில்லை. ஒரேமாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வராமல் போவதே அதிகம். இளவயதில் கஞ்சா, பிறப்பின்போது ஏற்படும் சிக்கல்கள், சிறுவயதுத் துன்பங்கள் என்பனவும் ஆபத்தைக் கூட்டும்.

யப்பானிலும் இந்த நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்ற பெயர்தான் இருந்தது. மருத்துவர்கள் நோயாளியிடமே அதைச் சொல்லத் தயங்கினார்கள். குடும்பங்களின் கோரிக்கையால் 2002இல், 'ஒருங்கிணைவில் கோளாறு' என்ற பொருளில் பெயர் மாற்றப்பட்டது. தன் நோய் இன்னதென்று சொல்லப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 37 வீதத்திலிருந்து மூன்றே வருடத்தில் 70 வீதமளவுக்கு வந்தார்கள்.

நாங்கள் 'மனச்சிதைவு', 'உளப்பிளவை' என்று எழுதுகிறோம். வீட்டில் 'விசர்' என்கிறோம். இருபது வயதில் முதன்முதலாய்க் குரல் கேட்கும் ஒரு பிள்ளை, இந்தச் சொற்களுக்குப் பயந்தே வாயைத் திறக்காமல் இருக்கலாம். சிகிச்சை எவ்வளவு முந்தித் தொடங்குதோ, தேறும் வாய்ப்பு அவ்வளவு கூட. பெயர் மாறினால் வருத்தம் மாறாதுதான். ஆனால் அந்தப் பிள்ளை வாய் திறக்கும்.