பிரான்சும் முகத்திரையும்



உடை எதற்கு என்று கேட்டால், வெயிலுக்கும் குளிருக்கும் மானத்துக்கும் என்று நாம் சொல்லிவிடுவோம். ஆயினும், ஒருவர் உடுத்தியிருப்பதைக் கண்டதும் அவர் எந்த இனம், எந்தச் சமயம் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்காதவர் நம்மில் எத்தனை பேர்? சேலையும் பொட்டும், துடோங்கும், சீக்கியரின் தலைப்பாகையும் நமக்குப் பழகிய காட்சிகள். பழகியவற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. பழகாத உடை ஒன்று தெருவுக்கு வரும்போதுதான், "நம் நாடு எப்படிப்பட்டது? நம் பண்பாடு எது?" என்ற கேள்விகள் எழுகின்றன. பிரான்சு நாட்டில் முஸ்லிம் பெண்களின் முகத்திரையைப் பற்றி அப்படித்தான் ஒரு பெரிய விவாதம் மூண்டது. அதன் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கூந்தலை மறைத்து முகத்தைத் திறந்துவிடும் முக்காடு வேறு. கண்களை மட்டும் விட்டு முகத்தை மூடும் நிகாப் வேறு. கண்ணுக்கும் வலைத்துணி வைத்து, தலைமுதல் கால்வரை மூடும் ஆப்கானிஸ்தானத்துப் புர்கா வேறு. எல்லாவற்றையும் பர்தா என்று ஒரே சொல்லால் நாம் சொல்லிவிடுகிறோம். முகத்தை மூடுவது சமயக் கடமையா என்பதில் இஸ்லாமிய அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடமை என்பாரும் உண்டு; வழக்கமே ஒழியக் கடமையன்று என்பாரும் உண்டு. ஹஜ் யாத்திரையில் இஹ்ராம் நிலையில் இருக்கும் பெண் நிகாப் கட்டக்கூடாது என்பதே விதி.

இனி, பிரான்சுக்கு வருவோம். 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, கத்தோலிக்கத் திருச்சபைக்கும் குடியரசுவாதிகளுக்கும் இடையே நீண்ட போராட்டம் நடந்தது. அதன் முடிவாக 1905-இல் அரசையும் சமயத்தையும் பிரிக்கும் சட்டம் வந்தது. மனச்சான்றின் உரிமையை அரசு காக்கும். ஆனால் எந்தச் சமயத்துக்கும் சம்பளமோ உதவித்தொகையோ தராது என்று அது கூறியது.

அந்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் மறக்கக்கூடாது. பாதிரிமார்கள் நீண்ட அங்கியோடு தெருவில் நடமாடுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று சார்ல் ஷபேர் என்ற உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை வடிவமைத்து முன்மொழிந்த அரிஸ்டிட் பிரியான் அதை எதிர்த்தார். சுதந்திரத்தை நிலைநாட்ட வந்த சட்டம் ஒருவனுடைய உடையை வெட்டப் புகுந்தால் நகைப்புக்கு இடமாகும் என்றும், இந்த அங்கியைத் தடுத்தால் தையற்காரர்கள் வேறோர் அங்கியைத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றும் அவர் வாதாடினார். திருத்தம் தோற்றது. திருச்சபையோடு அத்தனை பகை இருந்த காலத்திலும், பாதிரியாரின் அங்கியை அந்தக் குடியரசு தொடவில்லை.

அப்படியிருக்க, முகத்திரைக்கு மட்டும் ஏன் தடை வந்தது? விடை காண நாம் கடல் கடந்து அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும். 1830 முதல் 1962 வரை அந்நாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். அங்கிருந்த முஸ்லிம்கள் நெடுங்காலம் பிரான்சின் குடிமக்களாகக் கருதப்படவில்லை. ஆளப்படும் மக்களாகவே இருந்தனர். திருமணம், சொத்து முதலியவற்றில் தங்கள் சமயச் சட்டத்தைக் கைவிட்டால்தான் முழுக் குடியுரிமை என்று 1865-இல் விதி செய்தார்கள். நகரப் பெண்கள் ஹாயிக் என்னும் வெண்ணிறப் போர்வையால் தம்மை மூடிக்கொள்வது அங்கே வழக்கம்.

விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1958-ஆம் ஆண்டு மே மாதம், பிரெஞ்சு இராணுவத்தின் ஆதரவோடு அல்ஜியர்ஸ் நகரில் பொதுக்கூட்டங்கள் நடந்தன. முஸ்லிம் பெண்கள் மேடைக்கு வந்து, கூட்டத்தார் முன்னிலையில் தங்கள் போர்வையைக் களைந்தார்கள். இவர்கள் பிரான்சின் பக்கம் வந்துவிட்டார்கள் என்று உலகுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். ஆனால், அதற்கு முன்பே விடுதலை இயக்கப் பெண்கள் சிலர் தாமாகவே போர்வையை நீக்கி, ஐரோப்பியப் பெண்களைப் போல் உடுத்து, காவற்சாவடிகளைக் கடந்து ஆயுதம் கொண்டுசென்றிருந்தார்கள். தேவைப்பட்டபோது மீண்டும் போர்த்திக்கொண்டு, அதனுள் ஆயுதத்தை மறைத்தார்கள். போராட்டத்தில் பங்குகொண்ட மருத்துவர் பிரான்ஸ் பனோன் 1959-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அன்றே அந்தத் துணி வெறும் துணியாக இல்லாமல், இரு தரப்பாருக்கும் கொடியாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் கட்டட வேலைகளும் பெருகின. அவற்றுக்கு அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா நாடுகளிலிருந்து ஆள் சேர்த்தார்கள். பலர் முதலில் தனியாக வந்து நெருக்கடியான விடுதிகளில் தங்கினார்கள். 1974-இல் புதிய ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிறகு மனைவி மக்கள் வந்து சேர, நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிகளில் அவர்கள் குடும்பமாக வேரூன்றினார்கள். சஞ்சியிலும் கங்காணி வழியிலும் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கதை புதியதன்று. கூலிக்கு ஆள் தேடும்போது எந்த முதலாளியும் அவருடைய சமயத்தைக் கேட்பதில்லை. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், "இவர்கள் நம்மவர்களா?" என்ற கேள்வி பிறக்கிறது.

அந்தக் கேள்வி 1989-இல் வெடித்தது. பாரிசுக்கு வடக்கே கிரேய் என்ற சிறு நகரில், முக்காடு அணிந்து வந்த மூன்று மாணவியரைப் பள்ளி நிருவாகம் வகுப்பில் அனுமதிக்க மறுத்தது. நாடெங்கும் அதே பேச்சு. அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறும் உயர்மன்றம், முக்காடு மட்டுமே சமயச் சார்பின்மைக்கு மாறானதாகாது என்றும், வற்புறுத்தலோ குழப்பமோ உண்டானால் மட்டும் பள்ளி தலையிடலாம் என்றும் நிதானமாகக் கூறியது. அந்த நிதானம் நீடிக்கவில்லை. 2004-இல், பளிச்செனத் தெரியும் சமயச் சின்னங்களை அரசுப் பள்ளி மாணவர்கள் அணிவதை நாடாளுமன்றம் தடைசெய்தது. முக்காட்டோடு யூதர்களின் குல்லாவும் பெரிய சிலுவையும் சீக்கிய மாணவர்களின் தலைப்பாகையும் தடைக்குள் அடங்கின.

பள்ளியிலிருந்து விவாதம் தெருவுக்கு வந்தது 2009-இல். அவ்வாண்டு ஜூன் மாதம் குடியரசுத் தலைவர் நிக்கோலா சார்க்கோசி, புர்காவுக்குப் பிரான்சில் இடமில்லை என்று நாடாளுமன்றத்தாரிடம் அறிவித்தார். சில மாதங்களில் அரசாங்கமே, 'தேசிய அடையாளம்' பற்றி நாடு தழுவிய விவாதத்தையும் தொடங்கி வைத்தது. முகத்திரை அணிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அரசாங்கத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1,900 பெண்கள். 6 கோடிக்கு மேற்பட்ட மக்களில், முப்பதாயிரம் பேருக்கு ஒருவர்கூட இல்லை!

தடையை ஆதரித்தவர்கள் எல்லாரும் பகைமையால் பேசினார்கள் என்று நாம் கருதிவிடக்கூடாது. முகம் பார்த்துப் பேசுவதே பொது வாழ்வின் அடிப்படை என்றார்கள் சிலர். பெண்ணை நடமாடும் சிறைக்குள் அடைப்பதாகும் என்றார்கள் வேறு சிலர். அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்து அமைச்சரவையில் இடம்பெற்ற பதேலா அமாரா என்ற பெண்மணியும் தடையை ஆதரித்தார். எதிர்த்தவர்களோ, முகத்திரையை விரும்பாதபோதும், விரும்பாத உடையையெல்லாம் சட்டத்தால் தடுக்க முடியுமா என்று கேட்டார்கள். கட்டாயத்துக்கு ஆளான பெண் தடைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவாளே என்றும் கவலைப்பட்டார்கள். இத்தனை பேச்சுக்கு நடுவே, திரைக்குள் இருந்த பெண்களின் குரல் மிக அரிதாகவே கேட்டது.

2010 ஜூலையில் மக்களவை 335-க்கு 1 என்ற வாக்கில் தடைச் சட்டத்தை ஏற்றது. எதிர்க்கட்சியினர் பலர் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. 2011 ஏப்ரல் 11 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி மூடவைப்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கலாம்.

24 வயதுப் பெண் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தாமே விரும்பி அணிவதாக அவர் கூறினார். 2014-இல் தீர்ப்பு வந்தது. பாதுகாப்பின் பெயராலும் பெண்ணுரிமையின் பெயராலும் இத்தகைய முழுத் தடையை நியாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். ஆனால், 'சேர்ந்து வாழ்தல்' என்ற ஒரு காரணத்துக்காகச் சட்டம் செல்லும் என்றும் கூறியது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018-இல், ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழு இதற்கு மாறாக, அபராதம் செலுத்திய இரு பெண்களின் உரிமை மீறப்பட்டது என்று முடிவு கூறியது. 2020-இல் கோவிட் நோய் பரவியபோது, இரயிலில் எல்லாரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அதே பிரான்சு ஆணையிட்டது. முகத்திரைத் தடையும் அப்படியே இருந்தது. பெல்ஜியம், டென்மார்க் முதலிய நாடுகளும் முகத்திரையைத் தடைசெய்தன. சுவிட்சர்லாந்தில் 2021-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 51 பேருக்குச் சற்று மேலானோரின் ஆதரவோடு தடை செய்தார்கள்.

நம் மலேசியாவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. அரசாங்க ஊழியர்கள் பணி நேரத்தில் முகத்தை மூடக்கூடாது என்று 1985-இல் சுற்றறிக்கை வந்தது. முகத்திரையைக் கைவிட மறுத்த பேராக் மாநில எழுத்தர் ஒருவர் வேலையை இழந்தார். 1994-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆயினும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நம் நாட்டில் அந்தத் தடை அலுவலகத்தோடு நின்றது. தெருவுக்கு வரவில்லை. இந்த வேறுபாடு நாம் சிந்திக்கத்தக்கது. ஒரு வேலைக்கு உரிய விதி வேறு. ஒருவர் இந்த நாட்டுக்கு உரியவரா என்று அவர் உடையைக் கொண்டு அளப்பது வேறு.

ஈரானில் 1936-இல் மன்னர் ரேசா ஷா பெண்களின் திரையையும் முக்காட்டையும் காவலரை ஏவிப் பறித்தார். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் வந்தவர்களோ முக்காட்டைச் சட்டத்தால் கட்டாயமாக்கினார்கள். பறித்ததும் சட்டம்தான், போர்த்தியதும் சட்டம்தான். இரண்டு காலத்திலும் கேட்கப்படாதவள் பெண். எகிப்தில் ஹுதா ஷஅராவி 1923-இல் தம் முகத்திரையைத் தாமே நீக்கியபோது, அது அவருடைய சொந்த முடிவாக இருந்தது. அதனால்தான் அந்தச் செயல் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறது.

நேயர்களே, முகத்திரை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூறுவது இந்த உரையின் நோக்கமன்று. தன்மேல் நம்பிக்கையுள்ள நாடு பாதிரியாரின் அங்கியைக் கண்டு அஞ்சவில்லை என்பதை 1905-ஆம் ஆண்டு நமக்குக் காட்டுகிறது. தன் அடையாளத்தைப் பற்றி ஒரு நாடு கலங்கும்போது, அந்தக் கலக்கத்தின் சுமை சிறுபான்மையாரின் தலையில், அவர்களிலும் பெண்களின் தலையில், வந்து விழுகிறது என்பதை 2010-ஆம் ஆண்டு காட்டுகிறது. கணவனோ தந்தையோ முகத்தை மூடு என்று கட்டாயப்படுத்தினால் அது குற்றமே. அதே பெண்ணிடம் அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்காமல் அபராதச் சீட்டை நீட்டுவதும் நியாயமாகத் தோன்றவில்லை.

நம் வீடுகளிலும் மகள் எதை உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்ற பேச்சு எழுகிறது. குடும்ப மானம், இனத்தின் பண்பாடு என்று பெரிய சொற்களெல்லாம் அந்தப் பேச்சில் வரும். அப்போது, அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் அவளையே கேட்போம்.