தூண்டிற்காரரும் நீர்நிலைப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மீன்பிடித்தல் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது ஒரு தொழிலாகும். நெய்தல் நிலத்துப் பரதவர் முதல் இன்றைய கரையோர மீனவர் வரை வலையெடுத்தோர் யாவரும் வயிற்றுப்பாட்டுக்காகவே வலையெடுத்தனர். உண்பதற்காகவோ விற்பதற்காகவோ அன்றிப் பிடித்தலின் இன்பத்துக்காகவே மீன் பிடிக்கும் வழக்கம் நமது இலக்கியத்திலும் வாழ்விலும் பெரிதாக இடம்பெறவில்லை. பிரித்தானியாவிலோ பல நூற்றாண்டுகளாக இது பெருந்தொகையான மக்களின் பொழுதுபோக்காக இருந்து வருகின்றது. பிரபுக்களும் ஆலைத் தொழிலாளரும் தத்தம் வசதிக்கேற்பத் தூண்டிலுடன் ஆற்றங்கரையில் அமர்ந்தனர். பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோரும் அவர்களுட் பலராவர்.

அந்நாட்டின் நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டங்கள் உருப்பெற்ற வரலாற்றை நோக்குமிடத்து, இத்தூண்டிற்காரரின் குரல் அதில் அடிக்கடி ஒலிக்கக் காணலாம். ஓர் உயிரைப் பிடிப்பதில் இன்பங் காண்போர் அதனைக் காப்பதில் முன்னின்றது எவ்வாறு? அவர்கள் காத்தது எதனை? காக்கத் தவறியது எதனை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடைப்பருவம் என்னும் கருத்து

1653ஆம் ஆண்டில் ஐசாக் வோல்ற்றன் என்பார் தூண்டில் மீன்பிடி பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். உள்நாட்டுப் போரில் மன்னன் கொல்லப்பட்டு நாடு கலங்கியிருந்த காலம் அது. அமைதியை நாடியோருக்கு ஆற்றங்கரை புகலிடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அந்நூல் வெறும் அமைதியின் புகழ்ச்சியன்று. மீன்கள் சினைகொண்டு முட்டையிடும் மாதங்களில் அவற்றைப் பிடித்தல் தகாது என்றும், அதனைத் தடுக்கும் பழைய சட்டங்கள் ஏட்டளவிலேயே உள்ளன என்றும் அந்நூல் குறைகூறுகின்றது. இன்று பாதுகாப்புக் கொள்கையின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படும் தடைப்பருவம் என்னும் கருத்து, தூண்டிற்காரரின் ஒழுக்கநெறியாக அன்றே வற்புறுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஒழுக்கநெறி முறையான சட்டமாக உறுதிபெறக் கைத்தொழிற் புரட்சியின் அழிவுகள் தேவைப்பட்டன. ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன. ஆலைக் கழிவும் நகரக் கழிவும் ஆற்றிற் கலந்தன. தேம்ஸ் நதியில் சால்மன் மீன் 1830களுடன் இல்லாதொழிந்தது. 1860ஆம் ஆண்டில் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, அதன் பயனாக 1861ஆம் ஆண்டில் சால்மன் மீன்பிடிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டம் தடைப்பருவத்தை வகுத்தது; வார இறுதியிலும் மீன்பிடிப்புக்கு ஓய்வு விதித்தது; ஆற்று முகங்களில் நிலையாக நாட்டப்பட்ட பொறிகளைக் கட்டுப்படுத்தியது.

இச்சட்டத்தின் சமூக உள்ளடக்கத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். சால்மன் கடலிலிருந்து ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிச் சென்று முட்டையிடும் மீனாகும். கழிமுகத்தில் வலையிட்டு வாழ்ந்தோர் அதனை முதலிற் பிடித்தனர். மேலாற்றில் நிலவுடைமையாளர் தூண்டிலுடன் காத்திருந்தனர். எனவே, மீன் மேலேற வழிவிட வேண்டும் என்ற கோரிக்கை மீனினத்தின் நலனுக்கும் மேலாற்று உடைமையாளரின் நலனுக்கும் ஒருங்கே உகந்ததாயிற்று. கீழாற்று வலைஞனுக்கு அது பிழைப்பின் மீதான கட்டுப்பாடாக அமைந்தது. பாதுகாப்பு என்னும் சொல்லின் பின்னால் யாருடைய நலன் நிற்கின்றது என்ற வினா அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

ஆனால், இதனைப் பிரபுக்களின் சூழ்ச்சி என்று மட்டும் கொள்வதும் தவறாகும். சால்மனும் ட்ரவுட்டும் செல்வர்க்குரிய மீன்களாயிருக்க, ஏனைய நன்னீர் மீன்கள் சாதாரண மக்களின் தூண்டிலுக்கு உரியனவாயிருந்தன. கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெபீல்ட் நகரத் தொழிலாளர் கழகங்களாக ஒன்றுகூடி ஓய்வுநாளில் மீன்பிடித்தனர். அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினரான முண்டெல்லா முன்னின்று 1878ஆம் ஆண்டில் நிறைவேற்றுவித்த நன்னீர் மீன்பிடிச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இம்மீன்களுக்கும் தடைப்பருவம் வகுத்தது. தமது பொழுதுபோக்கைத் தாமே மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்கச் சம்மதித்த தொழிலாளரின் வரலாறு இது. இங்கிலாந்தின் ஆறுகளில் அத்தடைப்பருவம் இன்றும் நிலைத்துள்ளது. பெரும்பாலான குளங்களுக்கு 1995இலும் பெரும்பாலான கால்வாய்களுக்கு 2000இலும் அது நீக்கப்பட்டபோது, அந்நீக்கத்தை எதிர்த்தோருள் தூண்டிற்காரரும் இருந்தனர் என்பது நோக்கற்பாலது.

நீதிமன்றத்தில் ஆறு

மீனுக்குத் தடைப்பருவம் வகுத்தாலும், மீன் வாழும் நீர் நஞ்சாயின் பயன் யாது? 1876ஆம் ஆண்டில் ஆறுகள் மாசடைதலைத் தடுக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. ஆயின், இயன்ற வழிகளைக் கையாண்டதாகக் காட்டும் ஆலைக்கு அது விலக்களித்தமையால் வலுவிழந்து கிடந்தது. ஆலை உரிமையாளரின் செல்வாக்கின் முன் பாராளுமன்றம் தயங்கியது.

இத்தயக்கத்தை மீற வழிகண்டவர் ஜோன் ஈஸ்ட்வுட் என்னும் வழக்கறிஞராவார். 1948ஆம் ஆண்டில் அவரது முயற்சியாற் தூண்டிற்காரர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பாராளுமன்றச் சட்டத்தை நம்பாது, பழைய பொதுச் சட்டத்தின் ஒரு கோட்பாட்டை அச்சங்கம் கையிலெடுத்தது. ஆற்றங்கரை உடைமையாளருக்கும் மீன்பிடி உரிமை பெற்றோருக்கும் நீர் அதன் இயல்பான தன்மை குன்றாது வந்து சேர வேண்டும் என்பதே அக்கோட்பாடாகும். மேலேயுள்ளவன் நீரைக் கெடுத்தால் கீழேயுள்ளவன் வழக்காடலாம்.

இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது டார்பி வழக்காகும். டேர்வென்ற் நதியில் மீன்பிடி உரிமை பெற்றிருந்த ஒரு தூண்டிற்காரர் கழகமும் ஹரிங்டன் பிரபுவும் மூன்று பெரிய நிறுவனங்களுக்கு எதிராக வழக்கிட்டனர். பிரிட்டிஷ் செலனீஸ் தொழிற்சாலையின் கழிவு, டார்பி நகரசபையின் போதியளவு சுத்திகரிக்கப்படாத மலக்கழிவு, பிரித்தானிய மின்சார அதிகாரசபையின் மின்நிலையத்திலிருந்து வெளியேறிய வெந்நீர் ஆகிய மூன்றும் அந்நதியிற் கலந்தன. மலக்கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். நீரின் வெப்பம் கூடக் கூட அது தாங்கக்கூடிய ஒட்சிசனின் அளவும் குறையும். இவ்விரண்டும் ஒன்றுசேர, மீன்கள் மூச்சுமுட்டி மாண்டன. நகரம் வளர்ந்துவிட்டது, பொதுமக்களுக்குச் சேவை செய்கின்றோம், எனவே நட்டஈடு போதும், தடையுத்தரவு வேண்டாம் என நகரசபை வாதிட்டது. 1952ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்துத் தடையுத்தரவை உறுதிசெய்தது. திருத்த வேலைகளுக்குக் கால அவகாசம் மட்டும் அளிக்கப்பட்டது.

பொதுநலம் என்ற பெயரால் ஓர் ஆற்றை அழித்துவிட்டு அதற்கு விலைகொடுத்துத் தீர்க்க முடியாது என்பதே இத்தீர்ப்பின் உட்பொருளாகும். சூழல் என்னும் சொல் அரசியல் மேடைகளில் ஒலிக்கத் தொடங்குவதற்கு முன்னரே, ஒரு மீன்பிடிக் கழகம் இதனைச் சாதித்தது. ஆயினும் இவ்வெற்றியின் அடித்தளம் உடைமையுரிமையாகும் என்பதை மறத்தலாகாது. கழகத்துக்கு மீன்பிடி உரிமை இருந்தது. ஆகவே வழக்காட முடிந்தது. அதே ஆற்றங்கரையில் உரிமைப் பத்திரம் எதுவுமின்றி வாழ்ந்த ஏழைக்கோ, நீரில் வாழ்ந்த பிற உயிர்களுக்கோ அத்தகைய வழி இருக்கவில்லை.

அன்னமும் ஈயமும்

தொழிற்சாலையே குற்றவாளியாயிருந்த வரை தூண்டிற்காரரின் நலனும் இயற்கையின் நலனும் ஒன்றாயிருந்தன. குற்றம் தமது பையிலேயே இருந்தபோது அவர்களது நிலைப்பாடு சோதனைக்குள்ளாயிற்று.

தூண்டில் நூலை நீருள் அமிழ்த்துவதற்குச் சிறு ஈயக்குண்டுகள் பயன்படுத்தப்பட்டன. இவை கரையிலும் ஆற்றடியிலும் சிந்திக் கிடந்தன. அன்னங்கள் தம் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையன. கற்களோடு ஈயக்குண்டுகளும் இரைப்பையை அடைந்து அரைபட்டு இரத்தத்திற் கலந்தன. நரம்பும் தசையும் தளர்ந்து, நீண்ட கழுத்தை நிமிர்த்த இயலாது, உண்ட உணவு உள்ளிறங்காது அன்னங்கள் பட்டினியால் மடிந்தன. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்போர்டில் ஏவன் நதியின் அணியாக விளங்கிய அன்னக் கூட்டம் 1970களில் அருகி மறைந்தது.

1981ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை ஈயத்தைப் பெருங்காரணமாகச் சுட்டி, ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் பயன்பாடு கைவிடப்பட வேண்டுமென விதந்துரைத்தது. 1983ஆம் ஆண்டில் சூழல் மாசு பற்றிய அரச ஆணைக்குழுவும் மாற்றுப் பொருள்களை வற்புறுத்தியது. தூண்டிற்காரரிடையே கருத்து பிளவுபட்டது. தாமாகவே ஈயத்தைக் கைவிட்டோர் உளர். படகுப் போக்குவரத்தும் வேறு காரணங்களுமே அன்னத்தைக் கொன்றன என வாதிட்டோரும், மாற்றுக்குண்டுகள் தரங்குறைந்தவை என முறையிட்டோரும் உளர். மனமுவந்த இணக்கம் போதாமையால் அரசு சட்டத்தை நாடியது. 1987 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் நீங்கலாக, ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அதன்பின் அன்னங்களின் தொகை மீண்டும் பெருகியது. தூண்டில் மீன்பிடியும் அழிந்துபோகவில்லை. ஈயமின்றி அப்பொழுதுபோக்கே இல்லை என்று அஞ்சியவரின் அச்சம் ஆதாரமற்றதென்பதைக் காலம் காட்டிற்று.

நீர்நாயும் நீர்க்காகமும்

இதனினும் சிக்கலானது மீனுண்ணும் உயிர்கள் பற்றிய விவாதமாகும். 1950களின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் ஆறுகளில் நீர்நாய்கள் விரைந்து குறைந்தன. வயலிற் பயன்படுத்திய டீல்ட்ரின் போன்ற பூச்சிகொல்லிகளே அதற்குப் பிரதான காரணமென ஆய்வாளர் கண்டனர். அந்நஞ்சுகள் கட்டுப்படுத்தப்பட்டு, 1978இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்து, ஆறுகளும் தூய்மையடைய நீர்நாய் மெல்ல மீண்டது. 2011ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் அது காணப்பட்டது. தூய ஆற்றுக்காக நீதிமன்றம் ஏறியோர் தூண்டிற்காரர்; அத்தூய ஆற்றைத் தேடி வந்ததோ அவர்களின் மீனை உண்ணும் விலங்கு. பெரிய மீன்களை வளர்த்துக் கட்டணத்துக்குத் தூண்டிலிட விடும் குளங்களின் உரிமையாளர் பலர் வேலியடைக்க நேர்ந்தது.

நீர்க்காகத்தின் வரலாறும் இத்தகையதே. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற அப்பறவை, அதே ஆண்டிற் கடற்கரையை விட்டு உள்நாட்டு அபெர்ட்டன் நீர்த்தேக்கத்தில் மரங்களிற் கூடுகட்டத் தொடங்கியது. தாம் பணங்கொடுத்து விட்ட மீன்களை அது தின்று தீர்க்கின்றது என்பது தூண்டிற்காரரின் முறைப்பாடாகும். நீர்நிலைகளில் மீனைச் செறிவாக நிரப்பி வைத்தால் பறவை வராதிருக்குமா என்பது பறவை ஆர்வலரின் மறுமொழியாகும். 2004ஆம் ஆண்டில் அனுமதிப் பத்திரத்தின் கீழ்ச் சுடக்கூடிய பறவைகளின் எண்ணிக்கையை அரசு உயர்த்தியது. எனினும் விவாதம் ஓயவில்லை.

நமது மலைநாட்டு ஓடைகள்

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டபோது, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873ஆம் ஆண்டில் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்கப் பிரித்தானிய அரசு முடிவுசெய்தது. அக்குளிர்ந்த ஓடைகள் தாயகத்து ஆறுகளை நினைவூட்டின போலும். 1880கள் தொடக்கம் ட்ரவுட் மீன் இங்கு கொண்டுவரப்பட்டது. பழுப்பு ட்ரவுட் வேரூன்றவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இனம்பெருக்கியது. நுவரெலியாவில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையமும் மீன்பிடிக் கழகமும் தோன்றின. 1894ஆம் ஆண்டில் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் உருவானதும் இக்காலத்திலேயேயாகும். இவை தோட்டத்துரைமாரதும் உத்தியோகத்தரதும் கழகங்களாகவே தொடங்கின. அம்மலைகளின் கிராமத்தவரும், தென்னிந்தியாவிலிருந்து வந்து அத்தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரும், எந்த விலங்கை, எந்த மீனைக் காப்பது என்ற தீர்மானத்தில் பங்குபெறவில்லை.

ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும், 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பிரதேசத்தின் பகுதியாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இன்று அங்கு காக்கப்பட வேண்டியவை அவ்வோடைகளுக்கே உரிய சிறிய நன்னீர் இறாலும் தவளையினங்களுமாகும். அவற்றுக்கு அச்சுறுத்தலாக ஆய்வாளர் சுட்டுவனவற்றுள் ஒன்று, அன்று அன்போடு வளர்க்கப்பட்ட அந்த ட்ரவுட் மீனேயாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். தூண்டிற்காரரின் இயற்கைப் பற்று போலியன்று. ஆண்டு முழுவதும் ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவனே நீரின் நிறமாற்றத்தை முதலிற் காண்பவன். அவன் கண்டு சொன்னதாலும் வழக்காடியதாலும் பல ஆறுகள் உயிர்பெற்றன. ஆனால், அவன் பார்வை தூண்டில் முனையில் அகப்படும் மீனைச் சுற்றியே வட்டமிட்டது. அம்மீனுக்கு உதவியவை பாதுகாப்பு எனப்பட்டன. உதவாதவை இடையூறு எனப்பட்டன. அன்னமும் நீர்நாயும் பெயரறியாச் சிற்றிறாலும் அவ்வட்டத்தின் வெளியே நின்றன. கழிமுகத்து வலைஞனும் மலைநாட்டுத் தொழிலாளியும் அவ்வாறே நின்றனர்.

ஆகவே, நீர்நிலைகளைப் பயன்படுத்துவோரின் அறிவையும் விழிப்பையும் புறக்கணிக்கும் கொள்கை வெற்றிபெறாது. ஆனால், அவர்களின் விருப்பத்தையே கொள்கையாக்குவதும் நீதியாகாது. நமது குளங்களையும் ஆறுகளையும் களப்புகளையும் பற்றிச் சட்டம் வகுப்போர், உரிமைப் பத்திரம் உடையவனின் குரலோடு அது இல்லாதவனின் குரலையும், பேசத் தெரியாத உயிர்களின் பொருட்டு ஆய்வாளர் எழுப்பும் குரலையும் ஒருங்கே செவிமடுத்தல் வேண்டும். பிரித்தானிய அனுபவம் நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.